ஐந்நூறு அடிக்கு அடுத்த சொல்

சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று மாசிலாமணி இன்னொரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எரிந்தது. இரண்டு விமானிகளின் தலைகளுக்கும் நடுவே, பின்சுவரில் ரப்பர் வட்டால் ஒட்டவைத்திருந்த அந்தச் சின்னக் கேமராவுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு புள்ளிதான் சாட்சி. படம் ஓடுகிறது, சரி. சத்தம்? போன வாரமும் இதே புள்ளி இதே அழகாகத்தான் எரிந்தது. இறங்கி, ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, சத்தம் மட்டும் மாவு மில்லுக்குள் மைக்கை வைத்த கதை. இரண்டு டர்போப்ராப் என்ஜினும் சேர்ந்து ஊரைக் கூட்டுகின்றன, மனுஷக் குரல் மருந்துக்குக்கூட இல்லை. ஹெட்செட்டிலிருந்து கேமராவுக்குப் போகும் வயரின் பின் முழுசாக உள்ளே போயிருக்கவில்லை. செருகியது யார்? மாசிலாமணிதான். பரவாயில்லை அண்ணாச்சி, இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று கேப்டன் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவள் சிரித்ததுதான் ஒரு வாரமாக அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. திட்டியிருந்தால் விழுங்கித் தொலைத்திருப்பார். இன்று சென்னையில் புறப்படுமுன் பின்னை ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினார், அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினார், சுற்றியது பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், இழுத்ததில் தளர்ந்துவிட்டதோ என்று மறுபடியும் அழுத்தினார். இப்போது தூத்துக்குடிக்கு இறங்க ஆரம்பித்தாயிற்று; இனி எழுந்துபோய் அதைத் தொட முடியாது. கை போக முடியாத இடத்துக்கு மனசு போய்ப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. பத்தொன்பது பேர் உட்காரும் விமானங்கள் நாலைந்தை வைத்துப் பிழைக்கும் சின்னக் கம்பெனி, அவர்கள் வேலை பார்ப்பது. அங்கே புதிதாக ஒரு பயிற்சியாளரை எடுக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களிடம் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: ஒரு தரையிறக்கம், படமும் காக்பிட் பேச்சுமாக, இறங்க ஆரம்பித்ததிலிருந்து விமானம் வந்து நிற்கும்வரை, வெட்டாமல் ஒட்டாமல். தேர்வானால் அதையே பயிற்சி வகுப்பிலும் போட்டுக் காட்டுவார்கள். இன்று ராத்திரிக்குள் ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டும். இந்தப் பயணத்தை விட்டால் ஜெசிந்தாவுக்கு வேறு பயணம் கிடையாது. தனக்கென்று அவள் ஆசைப்பட்டுக் கேட்டு மாசிலாமணி பார்த்தது இந்த ஒரு வேலையைத்தான்.

அவள் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது இருக்கும். சொந்த ஊரே தூத்துக்குடிதான், கடற்கரைத் தெருப் பிள்ளை. அவர் வலது பக்கத்தில், நாற்பத்தேழு வயதும் காதோரத்தில் நரையுமாக, அவளுக்குத் துணை விமானி. வாயால் கேப்டன் என்பார். மனசுக்குள் அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அவர் அண்ணாச்சி. வயதில் மூத்தவர் பதவியில் இளையவராக இருப்பதில் எந்தக் கூச்சமும் இல்லாமல் அந்த ஒரு சொல்லால் அவள் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டாள். கீழே கடல் சுருங்கிய பட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. விமானம் மேற்கே திரும்பியதும் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அறைந்தது. அவருக்கு உடனே கேமராவின் நினைப்பு. இந்த வெளிச்சத்தில் படம் வெளுத்துப் போகாதா? அதற்கென்றுதான் லென்ஸுக்கு மேலே அட்டையை வெட்டி ஒரு சின்னச் சாய்ப்பு ஒட்டியிருந்தார்; அது நிற்கிறதா, விழுந்துவிட்டதா? திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்ப்பதும் படத்தில் விழும். பயிற்சி வகுப்பில் ஒருத்தன் எழுந்து, சார், அந்தத் துணை விமானி ஏன் அடிக்கடி பின்னால் பார்க்கிறார் என்று கேட்டாலும் கேட்பான். மாசிலாமணி கழுத்தை நேராக்கினார். வேகம், உயரம், என்ஜின், மறுபடியும் வேகம். கண்ணுக்கு இதுதான் வேலை. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார். இன்று ஓட்டுவது அவள், பார்ப்பது இவர். பார்க்கும் வேலைதானே என்று வெளியாட்கள் நினைக்கலாம். பார்க்கக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கல்லவா தெரியும்! ஆறேழு வருஷம் அவர் பார்த்தது ஒரு பள்ளிக்கூட வேனின் கண்ணாடியையும் அதில் தெரிந்த முப்பது பிள்ளைகளின் தலைகளையும்தான். முன்பு வேலை பார்த்த விமானக் கம்பெனி ஒரு நாள் பூட்டிக்கொண்டது. அதன்பின் வயது ஏற ஏறக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கோவில்பட்டிக்கு வந்து வேன் ஓட்டினார். நல்ல வேலைதான், குறை சொல்லக் கூடாது. பிள்ளைகள் அங்கிள் அங்கிள் என்று உயிரை விட்டன. ஆனாலும் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தலைக்கு மேலே எங்காவது ஒரு முனகல் கேட்டால் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். அது எந்த விமானம், எத்தனை அடியில் போகிறது, இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவன் எதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று யோசிப்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான். வீட்டில் மனைவி பூங்கோதை அவர் விமானி வேலைக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகளைப் பொங்கலுக்கு ஒருதரம், ஆடிக்கு ஒருதரம் துவைத்து நீலம் போட்டுத் தேய்த்து மறுபடி பெட்டிக்குள் வைப்பாள். எதுக்கு இது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மஞ்சள் பாரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இரண்டு பேருக்குமே ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

உப்பளங்கள் வந்தன. கட்டம் கட்டமாக, சிலதில் தண்ணீர், சிலதில் வெள்ளை. ஜெசிந்தா சக்கரத்தை இறக்கச் சொன்னாள், இறக்கினார். மூன்று பச்சை விளக்குகள் எரிந்ததும் அதைச் சொன்னார். தன் குரல் படத்துக்காகக் கொஞ்சம் கனத்துப் பேசுவது அவருக்கே கேட்டது. கல்யாண வீடியோவில் கேமரா பக்கத்தில் வந்ததும் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நாகரிகமாக மெல்ல ஆரம்பிப்பார்களே, அந்தக் கனம். அவளுக்கும் இருக்குமோ? இருக்காது. அவள் எதற்கும் அசைகிறவள் இல்லை. சிமுலேட்டர் அறையில் பார்த்தாரே. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும், இப்போதும் இளகியது. இளக வேண்டிய நேரம் இதுவல்ல என்று தன்னையே அதட்டிக்கொண்டார். வேலை கேட்டுப் போன அன்று அந்தப் பொம்மை விமானத்துக்குள் அவர் கை நடுங்கியது. வருஷக்கணக்கில் வேன் ஸ்டியரிங்கைப் பிடித்த கை. முதல் இறக்கம் கோணல், இரண்டாவது அதைவிடக் கோணல். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். பேனாவை மூடும் அந்தச் சின்னச் சத்தத்தை மாசிலாமணி நன்றாக அறிவார், அவர் வாழ்க்கையில் அதைப் பலபேர் செய்திருக்கிறார்கள். அப்போது பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பிள்ளை, யாரென்றே தெரியாத பிள்ளை, சார், இவர் ஓட்டுவது சரியில்லைதான், ஆனால் பார்ப்பது சரியாக இருக்கிறது, கவனித்தீர்களா, ஒவ்வொன்றும் தப்பாகப் போவதற்கு முந்தியே சொல்லிவிடுகிறார், கை பழகிவிடும், நாளைக்கு இன்னொரு தடவை விடுங்கள், இடது சீட்டில் நான் உட்காருகிறேன் என்றாள். மறுநாள் உட்கார்ந்தாள். அவர் தேறினார். அவள் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லிக்காட்டுகிற ஆளாக இருந்திருந்தால் இவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நல்லவர்களிடம் பட்ட கடன் இருக்கிறதே, அதற்கு வசூலுக்கே ஆள் வருவதில்லை. நாமாகத்தான் தினமும் நினைத்து நினைத்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் டியூட்டிக்குக் கிளம்பியபோது பூங்கோதை சட்டையின் தோள்பட்டையை நீவிவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பிள்ள மனசு கோணாம நடந்துக்கிடுங்க.” சாமி கும்பிடும் குரலில்தான் சொன்னாள். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். இத்தனை மாதமாக அந்தப் பிள்ளையின் மனசு கோணும்படி ஒன்றும் நடக்கவில்லை, அந்தப் பின்னைத் தவிர.

ஆயிரம் அடி. சொன்னார். அவள் கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். உப்பளம் முடிந்து உடைமரக்காடும் பனையுமாகத் தரை சிவந்து வந்தது. எதிரே வெயிலுக்குள் ஓடுபாதை ஒரு கோடாக மின்னியது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து மூஞ்சியில் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஒரே சீராக வந்தால் பிடித்துக்கொள்ளலாம். இது விட்டு விட்டு வந்து தள்ளுகிறது. விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது. கேமரா நினைப்பு வந்தது. வட்டு பிடித்திருக்குமா? புள்ளி எரியுமா? பின், டேப், பின். போதும், வேகத்தைப் பாரு. இறங்கலாம் என்று டவர் சொல்லிவிட்டது. எல்லாம் கூடி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சக்கரம் மெத்தென்று தொடும், அவளுக்கு அது கைவந்த கலை, ஆபீசில் போட்டுப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நடுவில் ஒரே ஒரு வாசல் பாக்கி. ஐந்நூறு அடி. அங்கே வேகம், இறங்குகிற வேகம், பாதைக்கு நேர், எல்லாம் இருக்கவேண்டிய அளவில் இருந்தால் பார்க்கிறவர் ‘ஸ்டேபிள்’ என்பார், ஓட்டுகிறவர் இறக்குவார். ஒன்று பிசகியிருந்தாலும் ‘கோ அரவுண்ட்’. இரண்டு பேரில் யார் சொன்னாலும் சரி, மற்றவர் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. என்ஜின் விசையை முன்னால் தள்ளி மேலே போய்விட வேண்டும், சுற்றி வந்து மறுபடி இறங்க வேண்டும். விளக்கமெல்லாம் தரைக்கு வந்த பிறகு. நல்ல சட்டம். எந்தத் தேசத்துக்காரன் யோசித்து வைத்தானோ, அவனுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் அவன் நம்மூர்க்காரனாக இருந்திருக்க முடியாது. நம்மூரில் வேண்டாம் என்பதை யார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்? பார்க்கலாம் என்போம். அதுக்கென்ன என்போம். இலையில் இன்னொரு கரண்டி விழும்போதுகூடக் கையைப் பாதி நீட்டிப் பாதி இழுத்துக்கொள்வோம். அதிலும் நமக்கு நல்லது செய்தவர்களிடம் என்றால் அந்தப் பாதிக் கையும் எழும்பாது. மாசிலாமணி வேகத்தைப் பார்த்தார். கூட இருந்தது.

“ஃபைவ் ஹண்ட்ரட்” என்றார். கூட இருந்தது. வேகமானியில் பதினைந்து நாட் கூட. காற்று முட்டி முட்டிக் கொடுத்த வேகம், அவள் அதைக் கழிக்கவில்லை. அவள் கண் வெளியே, வெயிலுக்குள் மின்னுகிற நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து வரைக்கும் விடலாம், அதுதான் அளவு. பதினைந்து. பதினைந்து பெரிய விஷயமா? பாதை நீளம், விமானம் சின்னது, இவள் கை தங்கமான கை, இறக்கிவிடுவாள், ஒரு பூவைக்கூட நசுக்காமல் இறக்கிவிடுவாள், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பது மாசிலாமணிக்கு உள்ளங்கை மாதிரித் தெரிந்தது, அதுதான் இதில் உள்ள கஷ்டமே. ஏதாவது ஆகும் என்றிருந்தால் வாய் தானாகக் கத்தியிருக்கும். ஸ்டேபிள் என்று ஒரு சொல். மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ. சொல்லிவிட்டால் படம் முடிந்தது, அவள் தேறினாள், கடன் தீர்ந்தது. தீருமா? அந்தப் பிள்ள மனசு கோணாம. சட்டையை நீவிய கை. போன வாரம் பின்னைக் கெடுத்தோம், இந்த வாரம் இதையும் கெடுத்தால்? கேமரா பின்னால் எரிந்துகொண்டிருக்கிறது, புள்ளி முதுகில் சுடுகிறது, சொல்கிறது எல்லாம் அதில் விழும், கோ அரவுண்ட் என்றால் அதுவும் விழும், சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டவள் ஐந்நூறு அடியில் வேகத்தைக் கோட்டை விட்டாள் என்று அவருடைய குரலே சாட்சி சொல்லும், பேனா மூடும், டக். பேனாவை மூடிய அறையில் எழுந்து நின்று பேசிய பிள்ளைக்கு இதுதானா பதில் மரியாதை? ஆனால் ஸ்டேபிள் என்றால் அதுவும் விழுமே. அவருடைய குரல், படத்துக்காகக் கனத்த குரல், பொய்யை ஸ்டேபிள் என்று சொல்லும்; அதை வகுப்பில் போட்டுக் காட்டுவார்கள், புதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள், இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள், எவனாவது ஒருத்தன் திரையில் வேகத்தைப் பார்த்துவிட்டு, பதினைந்து கூட இருந்தாலும் கேப்டன் வேண்டியவர் என்றால் ஸ்டேபிள் என்று சொல்லலாம் போல என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வான். வேனில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிற பிள்ளை இருக்கும், நீட்டினால் ஒன்றும் ஆகாது, நூறு நாளில் ஒரு நாளும் ஆகாது, அதற்காகச் சொல்லாமல் விட்டோமா? அந்தத் தேர்வு அறையில் அவள் என்ன சொன்னாள்? பார்ப்பது சரியாக இருக்கிறது என்றாள். பார்ப்பதற்காகத்தான் எடுக்கவைத்தாள். பார்க்கத் தெரிந்த ஆள் என்று நம்பித்தான் கண்ணை வெளியே வைத்திருக்கிறாள், உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று. உள்ளே இருக்கும் ஆள் நன்றிக் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் போய்விட்டது? பனைகள் பெரிசாகின்றன. சொல்லு. வாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோணாம நடந்துக்கிடுங்க. சொல்லு. தரை வந்துவிட்டது, தரை வந்துவிடும், இனிச் சொல்லி என்ன என்கிற இடம் வந்துவிடும், அந்த இடத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேனா, கோழைப் பயலே, நீயா ஆறு வருஷமாய் மேலே பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு குரல் கேட்டது. “வேணாம்மா. கோ அரவுண்ட்.” அது அவருடைய குரல்தான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. “கோயிங் அரவுண்ட்” என்றாள். சொல்வதற்கு முன்பே கை விசையைத் தள்ளியிருந்தது. என்ஜின்கள் இரண்டும் ஒரு கூச்சல் போட்டன, மூக்கு மேலே போயிற்று, உட்கார்ந்திருந்த இடம் அவரைக் கீழிருந்து தாங்கித் தூக்கியது. சிறகின் மடிப்பை ஒரு படி ஏற்றச் சொன்னாள், ஏற்றினார். ஏறுகிறோம் என்று இவர் சொன்னார், சக்கரத்தை உள்ளே எடுக்கச் சொன்னாள், எடுத்தார். கைகள் எவ்வளவு நல்ல பிள்ளைகளாக வேலை பார்த்தன! அவற்றுக்கு ஒரு கடனும் இல்லை, ஒரு வெட்கமும் இல்லை. மனசுதான் அந்த ‘ம்மா’வைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கேப்டனை ‘ம்மா’ என்றாயிற்று. வேனில் கையை நீட்டுகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அதுவும் வேணாம் என்று. அப்படியொரு சொல் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. படத்தில் அதுவும் இருக்கும். டவருக்குச் சொன்னார், பிறகு பயணிகளுக்கு மைக்கைப் பிடித்து, காற்று கொஞ்சம் கூட இருக்கிறது, ஒரு சுற்று சுற்றி வருகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார். பின்னால் யாரோ ஒரு குழந்தை கைதட்டியது காதில் விழுந்தது. விமானம் வளைந்து மறுபடி கடலுக்கு மேலே வந்தது. வெயில் இப்போது முதுகுப் பக்கம். தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருந்தது. ஜெசிந்தா வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது, சட்டம். அந்தச் சட்டத்தையும் அவர் வாழ்த்தினார், ஏனென்றால் அவள் பேசினால் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அவருக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: சொல்லிவிட்டோம்தான், ஆனால் தாமதமாகச் சொன்னோம். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அவ்வளவு நேரம். அந்த மௌனம் படத்தில் இருக்கும். கேட்கிறவர்கள் ஃபைவ் ஹண்ட்ரட்டுக்கு அப்புறம் ஒரு பெரிய பள்ளத்தைக் கேட்பார்கள், அதற்குள் ஒரு மனுஷன் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்று அவர்களுக்குத் தெரியாமலா போகும்? மறுபடி மேற்கே திரும்பினார்கள். உப்பளம், உடைமரம், பனை. ஆயிரம். ஐந்நூறு, வேகம் உள்ளபடி இருந்தது, ஸ்டேபிள் என்றார், உண்மையைச் சொல்லும்போது அந்தச் சொல் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். சக்கரம் எப்போது தொட்டது என்றே தெரியவில்லை. ஓடி, வேகம் குறைந்து, திரும்பி, நின்றார்கள்.

பயணிகள் இறங்கிப் போனார்கள். என்ஜின்கள் அடங்கியதும் அந்த அமைதி காதுக்குள் ரீங்காரம் போட்டது. அவர் எழுந்துபோய்க் கேமராவை அணைத்தார். புள்ளி போயிற்று. டேப்பைப் பிரித்தார், பின் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “கேப்டன், ஒண்ணு சொல்லணும். வேகத்த நா ஒடனே பாத்துட்டேன். ஆனா சொல்லல. ஒங்க படம் கெட்டுருமேன்னு யோசிச்சிட்டு உக்காந்துருந்தேன். ரொம்ப நேரம் உக்காந்துருந்தேன்.” இதற்கு அவள் என்ன செய்தாலும் சரி என்று இருந்தது. சீட்டே போனாலும் சரி, பூங்கோதையிடம் சொல்லிக்கொள்ளலாம், அவள் புரிந்துகொள்வாள். ஜெசிந்தா கையை நீட்டினாள். கேமராவைக் கொடுத்தார். அவள் படத்தைத் தன் போனுக்கு இழுத்து, விரலால் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குக் கொண்டுபோய், சத்தத்தை முழுசாக வைத்தாள். சின்னத் திரையில் இரண்டு தலைகளின் பின்பக்கம், நடுவே வெயில், கீழே வேகமும் உயரமும் காட்டும் கடிகாரங்கள் முள்ளு முள்ளாக. அட்டைச் சாய்ப்பு விழவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மௌனத்துக்குத் தயாரானார். போனுக்குள் ஒரு மாசிலாமணி “ஃபைவ் ஹண்ட்ரட்” என்றார். “வேணாம்மா. கோ அரவுண்ட்” என்றார். “கோயிங் அரவுண்ட்” என்றாள் ஒரு ஜெசிந்தா. என்ஜின் கூச்சல்.

அவருக்குப் புரியவில்லை. நடுவில் எதையோ தள்ளிவிட்டாள் என்று நினைத்தார். மறுபடி போட்டாள். ஃபைவ் ஹண்ட்ரட், வேணாம்மா. ஒரே மூச்சு. மூச்சுகூட வாங்கவில்லை, இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியம் போலத்தான் இருந்தது. அந்த அறை, அந்தப் பேனா, சட்டையை நீவிய கை, வகுப்பில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள், அவ்வளவு பேரும் எங்கே நின்றார்கள்? ஒரு ஆள் ஒதுங்கி நிற்க இடமில்லை அதில். “எங்க அண்ணாச்சி யோசிச்சீங்க?” என்று ஜெசிந்தா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “நாந்தான் கேமராவுக்கு நடுக்கோடு அழகா வரணும்னு வெளியவே பாத்துட்டு இருந்தேன். வேகத்த நா பாக்கவே இல்ல. எனக்கு இந்த வேல கெடைக்குமோ இல்லியோ, போறது இதுதான் போகும்.” அனுப்பு என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. மாசிலாமணி பயணிகளின் முதல் வரிசை இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை மாதமாக அவர் அந்த வலது சீட்டில் யாரோ மனசு வைத்துக் கொடுத்த இடத்தில் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்துவந்தார், பாதி இருக்கையில், முதுகு சாயாமல். போனுக்குள் இருந்த அந்த ஆளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான். கடவுளுக்கா, பூங்கோதைக்கா, இந்தப் பிள்ளைக்கா, யாருக்கென்று தெரியாமல் அவர் கும்பிட நினைத்தார். நினைத்தபோதே, அந்தக் கும்பிடில் கொஞ்சம் அந்த ஆளுக்கும் உண்டு என்று தோன்றிவிட்டது.

“இன்னொரு தடவை போடுங்க, கேப்டன்.”